எல்லை கடந்த அண்டா

வீட்டுத் திண்ணையில் கேட்டபோது விளங்காத ஒரு செய்தி, எங்கோ ஓர் அயல்நாட்டார் சொல்லும்போது விளங்கிவிடுவதுண்டு. எழுபதாம் அகவையில் எனக்கு அப்படியொரு விளக்கம் கிட்டியது. அதைத் தந்தது நூலன்று; அறிஞர் உரையுமன்று. 1949-இல் இங்கிலாந்தில் வெளிவந்த, ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத ஒரு கறுப்பு வெள்ளை நகைச்சுவைத் திரைப்படம். ‘பாஸ்போர்ட் டு பிம்லிகோ’ என்பது அதன் பெயர்.

சரித்திர ஆசிரியனாகவே என் வாழ்நாளைக் கழித்தவன் நான். சினிமாவையே வீண்பொழுது என்று எண்ணியவனுக்குச் சிரிப்புப் படத்தின்மீது மதிப்பு எங்கிருந்து வரும்? ஒரு மழை இரவில் மகள் வயிற்றுப் பேரன்தான், “நன்னா, இது உங்க ஊர்க் கதை மாதிரியே இருக்கு, வந்து பாருங்க” என்று கணினியின் முன் என்னை உட்கார வைத்தான். பாதி மனத்தோடு உட்கார்ந்தேன், முடியுமட்டும் எழவில்லை. அதன் பின்னர் எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

கதை இதுதான். போர் முடிந்த இலண்டனில், பிம்லிகோ என்னும் பகுதியின் ஒரு தெருவில், வெடிக்காது புதைந்து கிடந்த குண்டு ஒன்று வெடித்துவிடுகிறது. அந்தப் பள்ளத்தில் ஒரு புதையலும், அதனுடன் ஒரு பழஞ்சாசனமும் கிடைக்கின்றன. நான்காம் எட்வர்டு மன்னர் அந்த இடத்தைப் பர்கண்டிக் கோமகனுக்கு அளித்துவிட்டார் என்கிறது சாசனம். அப்படியானால் அத்தெருவார் ஆங்கிலேயர் அல்லர், பர்கண்டியர்! பங்கீட்டு அட்டைகளைக் கிழித்தெறிந்து கொண்டாடுகிறார்கள். மறுநாளே கள்ளச்சந்தைக்காரர்கள் வந்து குவிகிறார்கள். அரசு முள்வேலி போட்டு எல்லையை மூடுகிறது. தெருவாரும் சளைக்கவில்லை. தங்கள் நிலத்தின் அடியே ஓடும் சுரங்க ரயிலை நிறுத்தி, பயணிகளிடம் பாஸ்போர்ட் கேட்கிறார்கள்! தண்ணீர் நிறுத்தப்படுகிறது; உணவு தீர்கிறது. அப்போது வேலிக்கு வெளியே நிற்கும் சாதாரண மக்கள் ரொட்டியையும் காய்கறியையும் வேலிக்கு மேலாக எறிகிறார்கள்.

டி. ஈ. பி. கிளார்க் எழுதி, ஹென்றி கார்னீலியஸ் இயக்கிய படம் இது. கதைக்கு வித்தாக அமைந்ததும் ஓர் உண்மை நிகழ்ச்சியே. 1943-இல் கனடாவில் அடைக்கலம் புகுந்திருந்த நெதர்லாந்து இளவரசி ஜூலியானாவுக்குப் பிறக்கும் குழந்தை கனடாக் குடிமகவு ஆகிவிடக்கூடாதென்று, ஒட்டாவா மருத்துவமனையில் அவரது பிரசவ அறைகளைக் கனடாவின் ஆட்சி எல்லைக்கு அப்பாற்பட்டவையாக அறிவித்தார்கள். ஒரு தாளில் எழுதிய எழுத்தால் ஓர் அறை தன் நாட்டை இழந்தது.

அயல்நாட்டார்க்கு இது வேடிக்கைக் கற்பனை. எங்களுக்கோ அது வாழ்ந்து கழித்த வாழ்க்கை.

எங்கள் உறுவையாறு, வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்தது. பிரெஞ்சுப் புதுவை ஒரே நிலப்பரப்பாக என்றும் இருந்ததில்லை. தென்னார்க்காட்டு மண்ணுக்கிடையே துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. பாகூர்ப் பக்கம் போகிறவர் வழியில் ‘யூனியன்’ மண்ணை மிதித்தே ஆகவேண்டும். 1941-இல் இரு ஆட்சிகளுக்கும் இடையே ஏற்பட்ட சுங்க உடன்பாடு, அந்தப் படம் வெளிவந்த அதே 1949-இல் முடிவுக்கு வந்தது. வயல் வரப்புகள் நாட்டெல்லைகளாயின. சாவடிகளும் சோதனைகளும் பெருகின.

என் தந்தையார் சைக்கிளில் துணிமூட்டை கட்டி ஊர் ஊராக விற்றவர்கள். “காலையில வெளிநாடு போய்ட்டு, மதியச் சோத்துக்கு வீட்டுக்கு வந்துருவேன்” என்று சிரிப்பார்கள். அவர்கள் ஓயாது சொன்ன கதை ஒன்றுண்டு. 1950-இல் என் அத்தையை யூனியன் எல்லைக்குள் இருந்த ஒரு சிற்றூரில் மணமுடித்துக் கொடுத்தார்கள். சீர்ப் பாத்திரங்களைச் சாவடிக்காரர் தடுத்தார். புதுச் செம்புக்கு வரி கட்டு என்றார். அத்தா மூட்டையைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். மறுநாள் அதே அண்டாக்களில் நெய்ச்சோறும் தாளிச்சாவும் நிரப்பி, வண்டியில் ஏற்றிச் சாவடிக்குப் போனார்கள்.

“ஐயா, ஆக்கின சோத்துக்கு வரி உண்டா?”

“சோத்துக்கு ஏதய்யா வரி?”

“அப்ப, இது விருந்துச் சோறு. நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க.”

சோறு எல்லை கடந்தது. அண்டாக்கள் திரும்பி வரவில்லை. சாவடிக்காரர் காலி வண்டியைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்துவிட்டாராம்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சலிப்பே மிகுந்தது. 1954 அக்டோபர் 18-இல் எங்கள் பக்கத்துக் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடியதையும், 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்ததையும், நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியதையும் வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பித்தேன். சரித்திரம் என்றால் அதுதான் என்று நினைத்தேன். திண்ணையில் சிரித்துக்கொண்டிருந்தவரை அதில் நான் சேர்க்கவில்லை.

அத்தா மீது எனக்கு ஒரு மனத்தாங்கலும் இருந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பு நடைமுறைக்கு வந்தபோது, இம்மண்ணில் பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் பலர் பிரான்சில் நல்ல நிலைக்கு வந்தார்கள். அத்தாவோ எழுதவில்லை. ஒருநாள் கடிந்தே கேட்டுவிட்டேன். அவர்கள் வழக்கம்போல் சிரித்தார்கள்: “தங்கச்சி வீட்டுக்கு மறுபடியும் அண்டாவுல சோறு சுமக்க என்னால ஆகாது தம்பி.”

கேட்டதற்கு விடை சொல்லாமல் கேலியில் நழுவுகிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். 1998-இல் அவர்கள் மௌத்தானார்கள். அந்தப் பேச்சை நான் மீண்டும் எடுக்கவேயில்லை.

அந்த மழை இரவில், முள்வேலிக்கு மேலாக ரொட்டி பறந்து வந்த காட்சியில் நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிற்று. அத்தா நழுவவில்லை, நேரான விடையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். உடன்பிறந்தவளுக்கும் தனக்கும் நடுவே இன்னொரு கோடு வேண்டாம் என்பதே அந்த விடை. அதை நகைச்சுவையாகச் சொன்னதால், சரித்திர ஆசிரியனின் காதில் அது ஏறவில்லை.

படத்தின் முடிவில் பிம்லிகோ மக்கள் மீண்டும் ஆங்கிலேயராகிறார்கள். கிழித்தெறிந்த பங்கீட்டு அட்டை புதிதாகக் கைக்கு வருகிறது. அதையும் மகிழ்ந்தே வாங்குகிறார்கள். உடனே வெயில் மறைந்து, இலண்டனுக்கே உரிய மழை கொட்டுகிறது. நட்டமும் குளிரும் சேர்ந்ததுதான் சொந்த வீடு என்பதை யாரும் மேடையேறிச் சொல்வதில்லை, மழை சொல்லிவிடுகிறது. உண்மையான இங்கிலாந்தில் பங்கீடு அடியோடு நீங்கியது 1954 ஜூலையில். எங்கள் சாவடிகள் நீங்கியதும் அதே ஆண்டிலன்றோ!

சென்ற ரமலானுக்கு முன் அத்தை மகன் வீட்டுக்குப் போனேன். அத்தையும் இப்போது இல்லை. கூடத்தின் மூலையில் ஈயம் பூசிய பெரிய செப்பு அண்டா ஒன்று கவிழ்ந்து கிடந்தது. விளிம்பைத் தடவிப் பார்த்தேன். ‘உறுவையாறு 1950’ என்று வெட்டியிருந்தது.

“வருஷா வருஷம் பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி காய்ச்ச இதைத்தான் கொடுக்கிறோம், மச்சான்” என்றார் அவர். அவருடைய சிறு பேத்தி ஓடிவந்து, எனக்குத் தெரியாத சேதியைச் சொல்வதுபோலச் சொன்னாள்: “இது நெய்ச்சோறு வந்த அண்டா!”

நான் தவறவிட்ட கதையை எல்லைக்கு அப்பால் பத்திரமாக வைத்திருந்தார்கள். “எப்படி வந்தது, சொல்லு பார்ப்போம்” என்றேன். அவள் முதலிலிருந்து சொல்ல, இந்த முறை நான் முழுவதும் கேட்டேன்.