காரை விடுங்க... கப்பலைப் பிடிங்க!

கதிர்காமம்னு சொன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? வழுதாவூர் ரோடு, மெடிக்கல் காலேஜ், பஸ் ஹாரன். இலங்கையில யார்கிட்டயாவது இதே பேரைச் சொல்லுங்க, 'முருகன் கோயிலா?'ம்பாங்க. பேர்லயே அக்கரை ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒரு தடவை போய்த்தான் பார்ப்போமே!

நம்ம பீச் ரோட்டுல சாயங்காலம் 6 மணிக்கு மேல வண்டி விட மாட்டாங்க. அந்த நிம்மதி நாள் முழுக்கக் கிடைச்சா எப்படி இருக்கும்? அதுக்குத்தான் யாழ்ப்பாணம் பக்கத்துல இருக்கிற நெடுந்தீவு. ஒண்ணு ரெண்டு பஸ், சில ஆட்டோ, டிராக்டர் உண்டு. நீங்க காரைத் தேடாதீங்க. வாடகை சைக்கிள் போதும்.

எப்படிப் போறது?

முதல் வேலை, பாஸ்போர்ட். விசா விதி அடிக்கடி மாறுறதால இலங்கை அரசு இணையதளத்தைப் பார்த்துட்டே டிக்கெட் போடுங்க. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு, சில நாள்லயே நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓடுச்சு. பயணம் சுமார் 4 மணி நேரம். முதல் நாளே காரைக்கால் வழியா நாகை போய்த் தங்கிடுங்க. கடல் கொந்தளிச்சா கப்பல் நிக்கும். ஹால் டிக்கெட்டைக் காட்டினா கடல் அடங்காது. அதனால செமஸ்டருக்கு முந்தின வாரம் வேண்டாம். கையில ஒரு நாள் உபரி வச்சுக்கோங்க. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். பிப்ரவரி, மார்ச் நல்லது.

யாழ்ப்பாணத்துல ஒரு ராத்திரி. ரூபாயை அங்கேயே மாத்திடுங்க. விடியக்காலை பஸ் பிடிச்சா புங்குடுதீவுல இருக்கிற குறிகட்டுவான் துறை. அங்கிருந்து படகுல சுமார் ஒரு மணி நேரம். திரும்பி வர்ற கடைசிப் படகு எத்தனை மணிக்குன்னு இறங்கும்போதே கேட்டுக்கோங்க. அதைத் தவறவிட்டா அடுத்த நாள்தான்!

என்ன பார்க்கிறது?

பவளக் கல்லை அடுக்கின வேலிகள். சிமென்ட் கிடையாது, கல்லு மேல கல்லு, அவ்வளவுதான். இடிஞ்ச பழைய கோட்டை, புறாக்கூடு, பருத்த பெருக்கமரம். புல்வெளியில காட்டுக் குதிரைகள் திரியும். காலனி ஆட்சிக் காலத்துல வளர்த்த குதிரைகளோட வாரிசுங்க. தூரத்துல நின்னு பாருங்க, துரத்தாதீங்க. பெரும்பாலான ஆளுங்க காலையில வந்து மாலையில ஓடிடுவாங்க. நீங்க ஒரு ராத்திரி தங்குங்க. ரூமை முன்னாடியே பேசிடணும். அப்பத்தான் அந்த அமைதி காதுல விழும்.

ஒரு விஷயம் மனசுல இருக்கட்டும். கோடையில தண்ணி இல்லாம குதிரைகள் செத்த தீவு இது. குளிக்கிறதை ஒரு வாளியோட முடிங்க, பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொண்டு வாங்க. இன்னொண்ணு, 1985 மே 15 அன்னைக்கு நெடுந்தீவுல இருந்து கிளம்பின குமுதினி படகுல பயணிகளை வெட்டிக் கொன்னாங்க. அந்தத் துயரம் இன்னும் ஆறலை. நாம ஜாலியா செல்ஃபி எடுக்கிற அதே கடல்தான் அது. அவங்களா பேசினா காது கொடுங்க, நீங்களா கிளறாதீங்க.

'தம்பி, நீங்கள் இந்தியாவோ?'ன்னு யாராவது கேப்பாங்க. 'ஆமாங்க, கதிர்காமம்'னு சொல்லிப் பாருங்க. அவங்க முகத்துல வர்ற குழப்பத்தையும் சிரிப்பையும் பார்க்கவே இந்த டிரிப் போகலாம்!