பர்லியாரில் நின்ற பத்மினி

நாலு பெண்கள் கூடியிருக்கும் இடத்தில், "உங்க வீட்டு வாசலில் முதன்முதலா வந்து நின்ன கார் எது?" என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் பேச்சு நிற்கவே நிற்காது! ஒருத்தி அம்பாஸிடர் என்பாள். ஒருத்தி, எங்க தாத்தாகிட்ட சென்னையிலே செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்துச்சாக்கும் என்று பெருமை அடித்துக்கொள்வாள். சின்னவள் ஒருத்தி மாருதி 800 என்பாள். கார் என்னவோ இரும்பும் ரப்பரும்தான். ஆனால் அதற்குள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் நம் மனிதர்கள் அல்லவா? அதனால்தான் மறப்பதில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தது பிரீமியர் பத்மினி. 1986-ல், எனக்கு ஏழு வயசு. கோவை கவுண்டம்பாளையத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்குச் சின்னதாக எலெக்ட்ரிக் சாமான் கடை. புதுக் கார் வாங்க வசதி ஏது? எட்டு வருஷம் ஓடிய பழைய வண்டிதான். வெளிர் நீல நிறம். இத்தாலி நாட்டு ஃபியட் 1100 காரைப் பார்த்து, பம்பாய் குர்லாவில் செய்த வண்டி அது. 1974-ல் பத்மினி என்று பெயர் வைத்தார்களாம். ஆனாலும் ஊரில் எல்லாரும் 'ஃபியட்டு' என்றுதான் சொன்னோம்.

வண்டி வந்த அன்றைக்கே ஈச்சனாரி விநாயகர் கோயிலுக்குக் கொண்டுபோய், மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். கியர் கம்பி ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கும். முன் சீட்டு பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும். ஜன்னலோரம் முக்கோணமாக ஒரு குட்டிக் கண்ணாடி. அதைத் திருப்பிவிட்டால் முகத்தில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். ஏ.சி.யாவது ஒன்றாவது! அந்தக் காற்று எந்த ஏ.சி.யில் வரும், சொல்லுங்கள்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். முன் சீட்டில் என்றைக்குமே ஆண்கள்தான். அம்மாவுக்குப் பின் சீட்டு. மடியில் தம்பி, காலடியில் கட்டுச்சோற்றுத் தூக்கு, கையில் தண்ணீர்க் கூஜா. அது அப்போது யாருக்கும் வித்தியாசமாகவே படவில்லை, அம்மாவுக்கும்கூட.

ஊட்டிக்குக் கிளம்பினோம்

1988 மே மாதம். மலர்க் கண்காட்சி பார்க்க ஊட்டிக்குப் போகலாம் என்று முடிவாயிற்று. முதல்நாள் வண்டியைப் பார்த்த மெக்கானிக், "ரேடியேட்டர் ஓஸ் பழசாயிருக்குதுங்க, மலை ஏறறதுக்கு முன்னாடி மாத்திருங்க" என்றார்.

"போயிட்டு வந்து பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

"ஏனுங்க, அவருதான் சொல்றாரில்ல, மாத்திட்டே போலாமுங்க" என்றார் அம்மா.

"உனக்கென்ன தெரியும் காரைப் பத்தி?" என்று அப்பா சிரித்தார். அத்தோடு பேச்சு முடிந்தது.

விடியற்காலை நாலு மணிக்கே அம்மா எழுந்து புளிசாதம், தயிர்சாதம் கட்டி, நார்த்தங்காய் ஊறுகாயும் எடுத்துக்கொண்டார். முன்னால் அப்பாவும் சித்தப்பாவும். பின்னால் அப்பத்தா, அத்தை, அம்மா, நான், தம்பி. ஆக மொத்தம் ஏழு பேர்! சித்தப்பாவுக்குச் சைக்கிள் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஆனாலும் முன் சீட்டு அவருக்குத்தான்.

மேட்டுப்பாளையம் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு. கல்லாறு வரும்போதே உடம்பில் குளிர்ச்சி தட்டும். கோவையின் வெயிலில் வாடியவர்களுக்கு அந்த முதல் குளிர்ச்சி இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது! அங்கிருந்து குன்னூர் வரைக்கும் கொண்டை ஊசி வளைவுகள் 14. மேட்டுப்பாளையம் ஏறக்குறைய ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ஆறாயிரம் அடி. முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டருக்குள் ஐயாயிரம் அடி ஏறவேண்டும் என்றால், ஏழு பேரைச் சுமந்த பழைய வண்டி என்ன பாடு படும்? ஏற்றத்தில் எஞ்சின் முழுப் பலத்தோடு உழைக்கும். வண்டியோ ஆமையாக ஊரும். ஓட்டத்தில் வரும் எதிர்க்காற்று இல்லாததால் ரேடியேட்டர் ஆறாது. உள்ளே இருக்கும் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும்.

பர்லியாரை நெருங்கும்போது முன்பக்கத்திலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி. அப்பா ஓரமாக நிறுத்தினார். அந்தக் காலத்தில் பர்லியாரில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் ஊற்றாதவர்கள் யார்? நாலைந்து வண்டிகள் ஏற்கெனவே பானெட்டைத் திறந்துகொண்டு நின்றன. பழக்கடைகளில் பலாவும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருந்தார்கள்.

அப்பாவுக்குப் பொறுமை போதாது. தோளில் கிடந்த துண்டை மடித்து, ரேடியேட்டர் மூடியைத் திருகினார். அவ்வளவுதான்! கொதிக்கிற தண்ணீர் பீறிட்டு அடித்து, வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று. அப்பா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"மாவு இருந்தா அப்பு, இங்க் இருந்தா ஊத்து!" என்று அப்பத்தா பதறினார். பழக்கடை அம்மா ஒருவர்தான் ஓடிவந்து, "ஒண்ணும் போடாதீங்கக்கா! கையைத் தண்ணியிலே காட்டச் சொல்லுங்க" என்று குழாயடிக்கு இழுத்துப்போனார். அம்மா முதல் காரியமாக அப்பாவின் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். வீங்கிவிட்டால் கழற்ற முடியாதாம். அப்புறம் அரை மணி நேரம் விடாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். அம்மா அழவில்லை. கை மட்டும் நடுங்கிற்று.

இப்போது யார் வண்டி ஓட்டுவது? ஐந்து பெரியவர்கள் இருந்தோம் என்று பேர். ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்; அவர் கையும் வெந்துவிட்டது!

மேலே போய்க்கொண்டிருந்த லாரிக்காரர்கள்தான் நிறுத்தி உதவினார்கள். ஓஸ் வெடித்திருந்தது. பழைய டயர் ட்யூபைக் கீற்றாக வெட்டி, இறுக்கிச் சுற்றி, கம்பியால் கட்டி, வண்டி நன்றாக ஆறியபிறகு தகர டின்னில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். இரண்டாவது டிரைவர் எங்கள் வண்டியில் ஏறி, "பயப்படாதீங்கக்கா" என்று சொல்லி, குன்னூர் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து விட்டார். காசு கொடுத்தால் வாங்கமாட்டேன் என்றுவிட்டார். கட்டுச்சோற்றில் பாதியைத்தான் அம்மா வற்புறுத்திக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் கோவையிலிருந்து பஸ் பிடித்து வந்த மாமா வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தார். ஊட்டியும் பார்க்கவில்லை, மலரும் பார்க்கவில்லை.

அம்மா கேட்ட கேள்வி

கட்டுப் பிரித்து, கை ஆறிவந்த சமயம். ஒருநாள் ராத்திரி சோறு பரிமாறும்போது அம்மா சொன்னார், "நான் கார் ஓட்டக் கத்துக்கறேனுங்க."

அப்பத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. "பொம்பளை கார் ஓட்டினா ஊரு சிரிக்கும் அம்மிணி!" என்றார்.

அப்பாவும் சிரித்தார். "நான் இருக்கறப்போ உனக்கெதுக்கு அந்தக் கஷ்டம்?"

"நீங்க இருக்கறப்பவே கத்துக்கிட்டாத்தானுங்க நல்லது" என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை. அப்பா தன் கையில் இருந்த தழும்பைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை.

அடுத்த மாதம் டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டதும் அப்பாதான். 33 வயசில், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அம்மா விடிகாலையில் பழகப் போவார். தெருவில் சிலர் கேலி பேசினார்கள். அம்மா காதில் வாங்கவில்லை. ஒருதடவை எங்கள் வாசல் தூணிலேயே இடித்துவிட்டார். அப்பா திட்டுவார் என்று நாங்கள் பயந்தோம். "தூணைத்தானே இடிச்சே, ஆளை இடிக்கலியே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்! 1989 தொடக்கத்தில் லைசென்ஸ் கைக்கு வந்தது. முழங்கால் வலி என்று, "ஈச்சனாரி வரைக்கும் கூட்டிட்டுப் போறியா அம்மிணி?" என்று முதலில் கேட்டது யார் தெரியுமா? சாட்சாத் எங்கள் அப்பத்தாதான்!

1990 மே மாதம் மறுபடியும் ஊட்டிக்குக் கிளம்பினோம். புது ஓஸ் மாற்றிவிட்டுத்தான்! மேட்டுப்பாளையம் வரை அப்பா ஓட்டினார். அங்கே வண்டியை நிறுத்தி, இறங்கி, மறுபக்கம் வந்து கதவைத் திறந்து, "நீ ஏத்து" என்றார். அந்த 14 வளைவுகளிலும் அம்மாதான் ஸ்டியரிங் பிடித்தார். பக்கத்தில் அப்பா, ஒரு வார்த்தை பேசவில்லை. பர்லியாரில் நிறுத்தி, அந்தப் பழக்கடை அம்மாவைத் தேடிப்பிடித்து, ஒரு புடவை கொடுத்துவிட்டுத்தான் மேலே போனோம்.

எங்கள் பத்மினி 1999-ல் கைமாறிப் போயிற்று. வாங்க வந்தவர் காசை எண்ணிக்கொண்டிருக்க, அம்மா சீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அடியில் என் பழைய கூந்தல் கிளிப் ஒன்று கிடைத்தது. அதற்கப்புறம் ஒரு மாருதி 800 வந்தது. 1983 டிசம்பரில் முதல் வண்டி விற்று, 2014 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்தும் வரை நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் கார் அதுதானே! அதில்தான் நான் ஓட்டப் பழகினேன். சொல்லிக்கொடுத்தது அம்மா. பத்மினி தயாரிப்பும் நின்று, பம்பாயில் டாக்ஸியாக ஓடிய கடைசி வண்டிகளும் 2023 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டன.

அப்பா 2011-ல் போய்விட்டார். ஒரு மாசம் வரை அம்மா சாவியைத் தொடவில்லை. ஒருநாள் தானே எடுத்துக்கொண்டு போய், பாங்கி வேலை, மின்சார ஆபீஸ் வேலை எல்லாம் முடித்துவிட்டு வந்தார். "உங்கப்பா இருக்கறப்பவே கத்துக்கிட்டது இதுக்குத்தான் கண்ணு" என்றார்.

இப்போது போகிறவர்களுக்கு

போன 2024 ஜூனில் அம்மாவையும் என் மகளையும் ஏற்றிக்கொண்டு நானே ஊட்டிக்கு ஓட்டிப் போனேன். இந்தக் காலத்து வண்டியில் சூடு முள் அசையவே இல்லை. ஆனாலும் பர்லியாரில் நிறுத்தி மங்குஸ்தான் வாங்கினோம். குழந்தைகளோடு மலைக்குக் கிளம்பும் சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள்:

2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்பும் முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை உண்டு. நம் பழைய தூக்கும் கூஜாவும் இருக்கவே இருக்கிறது!

வண்டி சூடேறினால் ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிடுங்கள். குக்கரில் ஆவி அடங்கும் முன் மூடியைத் திறப்போமா? ரேடியேட்டரும் அப்படித்தான்.

சூடுபட்டால் மாவு, மை, பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிஷம் காட்டி, சுத்தமான துணியால் லேசாக மூடி டாக்டரிடம் போங்கள். கொப்புளத்தை உடைக்கக் கூடாது.

மலைப் பாதையில் வாந்தி வருகிற குழந்தைக்கு வயிறு முட்டவும் கொடுக்காதீர்கள். வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள். புத்தகம், செல்போன் பார்க்கவிடாமல், தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டுத்தான்.

நாங்கள் ஏழு பேர் அடைந்துகொண்டு போனதை இனிமையாக நினைக்கலாமே தவிர, இன்று அப்படிச் செய்யக்கூடாது. பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள். குழந்தையை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் கார் இருந்தால், அதை ஓட்டுகிற கை இரண்டாவது ஒன்றும் இருக்கட்டும். அது உங்கள் கையாக இருக்கட்டும்.

பர்லியாரில் மங்குஸ்தானை உரித்துக்கொண்டே என் மகள் கேட்டாள், "எனக்கு எப்பம்மா கத்துக்குடுப்பே?" அவளுக்குப் பதினாறு வயசு.

நான் வாய் திறக்கும் முன், முன் சீட்டிலிருந்து அம்மா சொன்னார், "பதினெட்டு முடிஞ்ச அன்னிக்கே வா கண்ணு. நான் கத்துத் தர்றேன். தூணைத் தவிர வேற எதையும் இடிச்சுராதே!"