கியரா... கேரியரா?

ஊத்தங்கரை கடைவீதியில கியர் சைக்கிளைப் பார்த்து நான் உருகி நிற்க, அம்மா கேட்டது ஒரே கேள்வி: "கேரியர் எங்கடா?"

இல்லை! மட்கார்டும் இல்லை! கடைக்காரர் வேற, "கியர் கெட்டா எல்லா கடையிலும் பார்க்க மாட்டாங்க தம்பி"ன்னு என் ஆசையை பஞ்சராக்கினார்.

1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்துல சைக்கிள் பழகின பெண்கள் சிலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினாங்க. ஏன்? முன்னாடி பார்ல குழந்தையை உட்கார வைக்கலாமே!

கடைசியில, பாதி விலையில பார் தாழ்ந்த சாதா சைக்கிள். சீட்டை ஏத்தினா நான், இறக்கினா தங்கச்சி.

இப்போ தினமும் சாயங்காலம் அம்மா பெடல் மிதிக்கிறாங்க. "விட்றாதடா!"

பின்னாடியே ஓடறேன், கேரியரைப் பிடிச்சுக்கிட்டு. அது எதுக்குன்னு இப்பதான் புரியுது!