தலைப்புச் செய்தியில் நாங்கள் இல்லை

2000 பிப்ரவரி 4 அன்று யோர்க் ஹைதரின் தீவிர வலதுசாரி சுதந்திரக் கட்சி வியன்னாவில் ஆஸ்திரிய அமைச்சரவைக்குள் வந்தது. பால்ஹவுஸ் சதுக்கத்தில் திரண்டிருந்த எதிர்ப்பாளர் கூட்டத்துக்கு முகம் கொடுக்காமல், புதிய அமைச்சர்கள் சுரங்கப்பாதை வழியாகக் குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போனார்கள். தலைவர் கிளெஸ்டில் இறுகிய முகத்தோடு பிரமாணம் செய்துவைத்தார். அமைச்சர் பதவிக்கு அந்தக் கட்சி தந்த இரண்டு பெயர்களை அவர் முன்பே மறுத்திருந்தார்.

அப்போது நான் மாலையில் தெருமுனையில் செய்தித்தாள் விற்றுக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள். 1999 அக்டோபர் தேர்தலில் அந்நியர் பெருக்கத்தை நிறுத்தச் சொல்லி அந்தக் கட்சி ஒட்டிய சுவரொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுதான் விற்றோம். அவர்களுக்கு 26.9 சதவீத வாக்கு கிடைத்தது. அவர்களைவிட 415 வாக்கு குறைந்து மூன்றாம் இடத்துக்குப் போன மக்கள் கட்சியின் ஷுஸ்ஸெல், அவர்களைச் சேர்த்துக்கொண்டு சான்சலர் ஆனார். ஹிட்லர் ஆட்சியின் வேலைவாய்ப்புக் கொள்கையை மெச்சிப் பேசி 1991இல் மாநில முதல்வர் பதவியை இழந்தவர் ஹைதர்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற 14 நாடுகளும் இந்த அரசோடு அரசியல் மட்டத்தில் தொடர்பு வைப்பதில்லை என்றன. இஸ்ரேல் தன் தூதரைத் திரும்ப அழைத்தது. நமக்காகக் கேட்க ஆள் இருக்கிறது என்று நெஞ்சு நிமிர்ந்தது.

அது நீடிக்கவில்லை. வணிகத்துக்கோ பயணத்துக்கோ எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் அரசு அந்த 14 நாடுகளின் முடிவை ஆஸ்திரியா மீதான தடை என்றே சொல்லிச் சொல்லிப் பதியவைத்தது. பேப்பர் வாங்க வந்தவர்கள், "எங்களை ஏன் தண்டிக்கிறார்கள்?" என்று என்னிடமே கேட்டார்கள். சுவரொட்டி யாரைக் குறிவைத்ததோ அவர்கள் பேச்சிலிருந்தே மறைந்துபோனார்கள். அதுதான் எனக்கு ஆறாத கோபம்.

பிப்ரவரி 19 அன்று ஹெல்டன் சதுக்கத்தில் அரசை எதிர்த்துப் பெரிய ஆர்ப்பாட்டம். 1938இல் ஹிட்லர் உரையாற்றிய இடம் அது. கூட வேலை செய்த யாழ்ப்பாணத்துத் தம்பி, "அண்ணை, போகாதேங்கோ. பொலிஸ் பிடிச்சா விசாவுக்குப் பிரச்சினை" என்றான். போனேன். லட்சத்துக்கும் மேற்பட்டோர். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், முதியவர்கள், மாணவர்கள். எந்த அரசும் சொல்லி அவர்கள் வரவில்லை. பிறகு வியாழக்கிழமைதோறும் ஊர்வலம் நடந்தது.

செப்டம்பரில், ஆஸ்திரிய நிலைமையை ஆராய்ந்த, பின்லாந்தின் முன்னாள் குடியரசுத் தலைவர் மார்ட்டி அஹ்திசாரி உள்ளிட்ட மூவர் குழு அறிக்கை தந்தது. சிறுபான்மையினர், அகதிகள், குடியேறியவர்கள் ஆகியோரின் உரிமைகளை ஆஸ்திரிய அரசு மதிக்கிறது என்றது. கூடவே, அந்நியர் வெறுப்பைத் தேர்தலுக்குப் பயன்படுத்திய கட்சி சுதந்திரக் கட்சி என்றும் எழுதியது. 12ஆம் தேதி 14 நாடுகளின் நடவடிக்கைகள் விலக்கப்பட்டன. அரசு அதை வெற்றியாகக் கொண்டாடியது. நான் விற்ற பேப்பர்களிலும் அந்தக் கொண்டாட்டமே பெரிதாக இருந்தது. அறிக்கையில் எங்களைப் பற்றிய பகுதியைத் தேடி எடுத்து, தம்பிக்கும் வாசித்துக் காட்டினேன்.