கோணமலைக்கு ஏறும் வழி

திருகோணமலைக்காரருக்குக் கோட்டை என்பது கோயிலுக்குப் போகிற வழி, அவ்வளவுதான். போர்த்துக்கீசர் கட்டினார்கள், ஒல்லாந்தர் திருத்தினார்கள், ஆங்கிலேயர் 1803இல் பிரெட்ரிக் என்று பெயர் வைத்தார்கள் என்பதெல்லாம் பரீட்சைக்குப் பாடமாக்கி, பரீட்சையோடு மறந்துபோகிற சங்கதி. வெள்ளிக்கிழமை பின்னேரம் அர்ச்சனைத் தட்டோடு வருகிற அம்மம்மா, வாசல் வளைவில் பொறித்திருக்கும் 1675 என்ற ஆண்டை ஒருநாளும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. வாசற்கல்லில் இருக்கும் இரட்டைக் கயலைப் பார்த்துத்தான் கும்பிடுவா. பாண்டியர் சின்னம் அது. கூடவே உள்ள சிதைந்த எழுத்துகளைக் குளக்கோட்டன் என்ற பழைய அரசன் பெயரோடு சேர்த்து, பறங்கி வந்து கோயிலை உடைப்பான் என்று அன்றைக்கே சொல்லிவைத்த வாக்கு என்பார்கள். படிக்கத் தெரியாத அம்மம்மாவுக்கு அது வரிவரியாகப் பாடம்.

வாக்கு பலித்தது. 1620களில் கொன்ஸ்தந்தீனு த சா என்ற போர்த்துக்கீசத் தளபதி கோணேசர் கோயிலை இடித்து, அதே கல்லில் கோட்டையை எழுப்பினான். சித்திரை வருடப்பிறப்பன்று சாமி வெளிவீதி போயிருந்த நேரம் பார்த்து, ஐயர் வேடத்தில் படையினர் உள்ளே புகுந்தார்கள் என்பது ஊர்க்கதை. அந்தக் கதை சொல்லும்போது அம்மம்மாவின் குரலில் நேற்று வீட்டில் களவு போனதுபோல ஓர் ஆத்திரம் இருக்கும். மதில் ஓரமாக நடக்கையில் எந்தக் கல் கோயிற்கல், எந்தக் கல் வெறுங்கல் என்று நாங்கள் பந்தயம் கட்டுவோம். தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லாததால் ஒருவரும் தோற்றதில்லை.

அதற்குப் பிறகு வாசலில் காவல் நின்றவர்களை எண்ணினால் தலை சுற்றும். 1639இல் ஒல்லாந்தர். 1672இல் கொஞ்ச நாள் பிரெஞ்சுக்காரர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர், அதே வருடம் ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன், பிறகு திரும்பவும் ஒல்லாந்தர், 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர். எல்லாருக்கும் வேண்டியிருந்தது மலை இல்லை, மலைக்கு அப்பால் கிடக்கிற துறைமுகம். எந்தக் காற்றிலும் கப்பல் பயமில்லாமல் நிற்கக்கூடிய ஆழமான உட்குடா. அதற்குக் காவலாகத் துறைமுக வாயிலில் ஒஸ்ரன்பேர்க் என்று இன்னொரு கோட்டையும் உண்டு. அது கடற்படைக்குள் கிடந்ததால் எங்கள் வயதுக்காரருக்கு வெறும் பெயர்தான்.

உள்ளே நுழைந்ததும் ஆலமரம், மரத்தடியில் மான்கள். பயம் அறியாத புள்ளிமான்கள். வாழைப்பழத் தோலுக்காகக் கையை நக்கும். நைவேத்தியத்துக்கு வாங்கிய பழத்தில் ஒன்று எப்படியும் மலை ஏறாது என்று தெரிந்து, அம்மம்மா கணக்கில் ஒன்று கூடவே வாங்குவா. வலப்பக்கமா இடப்பக்கமா என்று இப்போது சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு பழைய பங்களாவைக் காட்டி, நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் இங்கே தங்கினவன் என்று மாமா சொல்வார். 1800இல் அவன் திருகோணமலைக்கு வந்தது உண்மை. அப்போது அவன் பிரபு ஆகவில்லை, வெறும் ஆர்தர் வெல்லெஸ்லி. மாமாவுக்கு அது ஒரு பெருமை. அம்மம்மாவுக்கு, "ஆரெண்டாலும் வந்தான், போனான்."

ஏற்றம் தொடங்கும் இடத்தில் கச்சான் விற்கும் ஆச்சி இருப்பா. மணலில் வறுத்த கச்சான், சுடச்சுட, பழைய கொப்பித் தாளில் சுருட்டியது. அந்தத் தாளில் யாரோ ஒரு பிள்ளை பிழைவிட்ட கணக்கு இருக்கும். அதைத் திருத்திக்கொண்டே உச்சி வரைக்கும் போய்விடலாம்.

இப்போது நிற்கிற கோயில் என் அம்மம்மாவின் சின்ன வயதில் இல்லை. மொட்டைப் பாறைதான். அந்தப் பாறை முனையில் ஐயர் நின்று கடலுக்குத் தீபம் காட்டி, பூவையும் பழத்தையும் கீழே எறிவாராம். மூன்று நூற்றாண்டாகக் கோயில் இல்லாத கோயிலுக்குச் சனம் போய்வந்திருக்கிறது. 1950இல் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் உட்பட வெண்கலச் சிலைகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. ஊரே அழுதது என்று அப்பா சொல்வார். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் மலையடியில் மூழ்கி, செதுக்கிய தூண்களைக் கடலுக்குள் கண்டார்கள். 1963இல் குடமுழுக்கு. நான் பார்த்து வளர்ந்தது இந்தப் புதுக்கோயிலை. ஆனாலும் எனக்குள் இருப்பது அம்மம்மா சொன்ன மொட்டைப் பாறை. நான் காணாத அதுதான் கண்ட கோபுரத்தைவிடத் துலக்கமாகத் தெரிகிறது.

இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவில் எட்டிப் பார்த்தால் முந்நூறு அடிக்கு மேல் நேர் பள்ளம். கீழே கடல் நீலமில்லை, கறுப்பு. கரையை ஒட்டியே கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குவதால் சித்திரை மாதங்களில் திமிங்கிலம் ஊதுவதைக் கையில் கச்சானோடு நின்றே பார்க்கலாம். அண்ணா ஒருதரம் கண்டான். நான் காணவில்லை. இன்றுவரைக்கும் அவன் சொன்னது பொய் என்றுதான் வாதாடுகிறேன்.

1983இல் போர் தொடங்கிய பிறகு அந்த நடை குறுகியது. வாசலில் அடையாள அட்டை, பையைத் திறந்து காட்டு, எங்கே போகிறாய், யாரோடு வந்தாய். தேங்காயை உருட்டிப் பார்த்துவிட்டுத் தந்த சிப்பாயின் வயது என் வயதாக இருந்திருக்கும். பிறகு பின்னேரப் பூசைக்குப் போவதே நின்றது. கச்சான் ஆச்சி எந்த வருடம் வராமல் விட்டா என்று யாருக்கும் நினைவில்லை. டைக் வீதியில் கூடப்படித்தவர்களில் பாதிப்பேர் கனடா, மீதியில் பலர் லண்டன். அம்மம்மா தன் கட்டிலில் செத்தா. அந்தக் காலத்தில் அது ஒரு கொடுப்பினை.

இப்போது தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக ஆட்கள் வருகிறார்கள். ஏற்றம் முழுக்கக் கடை: சங்கு, விளையாட்டுத் துப்பாக்கி, பிளாஸ்டிக் மாலை. கச்சானும் உண்டு, பொலித்தீன் பையில், ஆறிப்போய்.

வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தூண் நிற்கிறது. பழைய கோயிற்றூண் என்பார்கள். அதில் 1687 என்ற ஆண்டோடு பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணின் பெயர். காதலன் கப்பலேறிப் போனதைக் கண்டு அவள் இந்த முனையிலிருந்து குதித்தாள் என்று சொல்லித்தான் எங்களை ஓரத்துக்குப் போகவிடாமல் வளர்த்தார்கள். பழைய ஒல்லாந்த ஆவணங்களைத் துருவியவர்கள் வேறு சொல்கிறார்கள்: அவள் குதிக்கவில்லை, தூண் நட்ட பிறகும் உயிரோடு இருந்து கலியாணமும் முடித்தாள். இதைப் படித்த அன்றே ஸ்காபரோவில் இருக்கும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதனுக்கு ஃபோன் எடுத்தேன். ஊரை விட்டு நாற்பது வருடத்துக்கு மேல். திரும்பி வரவே இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "விசர்க்கதை கதையாதை. குதிச்சவள்தான். எந்தக் கல்லில நிண்டு குதிச்சவள் எண்டு உன்ர அம்மம்மா எனக்குக் காட்டினவ."