வயிறு வைத்த சத்தம்

பழுதுக்கு ஆம்ப் கொண்டுவரும் பையன்கள் தவறாமல் கேட்பார்கள்: "அண்ணே, வால்வு பேஸ் ஆம்ப் சத்தம்னா எந்த ரெக்கார்டைக் கேக்கணும்?" கேட்ட வாயாலேயே பதிலும் சொல்லிவிடுவார்கள். மோடவுன் ரெக்கார்டுகள், அவற்றில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், ஆம்பெக் பி-15 ஆம்ப்.

சிக்கலே அங்கேதான். ஜேமர்சன் கிளப்புகளில் பி-15 வைத்து வாசித்தவர், சரி. டெட்ராய்ட்டில் மோடவுன் ஸ்டுடியோவுக்குள் வந்தால், அவருடைய பேஸ் ஒயர் பெரும்பாலும் நேராகக் கன்சோலுக்குப் போய்விடும். ஆம்ப் முன்னால் மைக் வைத்துப் பிடித்த சத்தம் இல்லை அது. நாம் உருகுவதெல்லாம் அவர் மாற்றவே மாற்றாத தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பிக்கும், அந்த ஒற்றை ஆள்காட்டி விரலுக்கும்தான். பி-15க்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவரை அதற்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

நான் போட்டுக் காட்டுவது மெம்ஃபிஸ் சத்தம். அங்கே இருந்த ஸ்டாக்ஸ் ஸ்டுடியோ ஒரு பழைய சினிமாக் கொட்டகை. தரையின் சரிவைக்கூட மாற்றாமல் ரெக்கார்டிங் செய்தார்கள். பேஸிஸ்ட் டக் டன் அங்கே வாசித்தது பி-15இல். 1960இல் ஜெஸ் ஆலிவர் வடிவமைத்த ஆம்ப் அது. 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, 6எல்6 வால்வு இரண்டு, சுமார் 25 வாட். வேலை முடிந்ததும் ஆம்ப்பைப் புரட்டிப் பெட்டிக்குள்ளேயே கவிழ்த்து மூடிவிடலாம். 1967இல் வந்த 'சோல் மேன்' பாட்டில் டிரம்ஸை மறந்துவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். கம்பியில் விரல் படும் இடம் மழுங்கி இருக்கும். அதற்குப் பிறகுதான் சத்தம் வயிறு வைக்கும்.

வால்வு ஆம்ப்பை அந்த வயிற்றில்தான் தேட வேண்டும். கம்பியை ஓங்கி இழுத்ததும் பவர் வால்வுகள் ஒரேயடியாகக் கரண்ட் கேட்கும். சப்ளை ஒரு கணம் தொய்ந்து வோல்டேஜ் இறங்கும். அடியின் முனை அமுங்கிவிடும். சப்ளை மூச்சு வாங்கி நிமிரும்போது சத்தமும் கூடவே எழும்பும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சொந்தமாகக் கட்டிய ஆம்ப் ஒன்றில் 'ஹம்' போகட்டும் என்று, சப்ளையின் முதல் ஃபில்டர் கண்டன்சர் 40 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 100 போட்டேன். ஹம் குறைந்தது. சத்தம் மட்டும் பலகையைத் தட்டியது போல ஆகிவிட்டது: அடி விழுந்தது, முடிந்தது, நடுவில் ஒன்றுமில்லை. காரணம் புரியாமல் இரண்டு நாள் ஸ்பீக்கரைச் சந்தேகித்தேன். மூன்றாம் நாள் ஸ்விட்சைப் போட்டதும் ரெக்டிஃபயர் வால்வுக்குள் நீலப் பொறி பறந்தது. அவ்வளவு பெரிய கண்டன்சரை நிரப்ப அதனால் முடியவில்லை. பழைய 40ஐத் திரும்ப வைத்து, புது ரெக்டிஃபயர் செருகினேன். கொஞ்சம் ஹம்மோடு வயிறும் திரும்பி வந்தது.

சத்தம் பெரிதானபோது கதை வேறு. 1969இல் ஆம்பெக் எஸ்விடி வந்தது: 300 வாட், 14 வால்வு. அதே வருடம் ரோலிங் ஸ்டோன்ஸ் அதை அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு எடுத்துப் போனார்கள். அதன் கனம் தூக்கியவர் முதுகுக்குத்தான் தெரியும். ராக் பேஸிஸ்ட் லெம்மியோ மார்ஷல் ஆம்ப்பில் பேஸ் திருகை முழுக்க இறக்கி, மிடிலை முழுக்க ஏற்றி வைத்தார். 1980இல் வந்த 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' கேட்டால் பேஸா கிட்டாரா என்று குழப்பமே வரும். அது வால்வைப் பிழிந்து எடுத்த சத்தம். எனக்குப் பிடிக்கும், ஆனால் வயிறு எது என்று அதை வைத்துச் சொல்லித்தர முடியாது.

போனில் கேட்டால் வயிறு தெரியுமா? பேஸின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது. வால்வு கொஞ்சம் முக்கி வாசிக்கும்போது கூடவே 82, 123 என்று ஏறிக்கொண்டே போகும் மேல் ஒலிகளையும் கொழுக்கவைக்கும். அவற்றில் போனில் வருபவற்றைக் கேட்டு, இல்லாத 41ஐ நம் காதே போட்டுக்கொள்ளும். போன வாரம் ஒரு பையன் பில்லைக் கொடுத்துவிட்டு, என் போனில் 'சோல் மேன்' போடச் சொல்லிக் கேட்டான். வாசலில் ஆம்ப்பை வண்டியில் ஏற்றும்போது அவன் வாயில் முணுமுணுப்பு. பாட்டு வரி இல்லை, பேஸ் லைன்.