வரப்பில் வந்து நின்ற மடையான்

போன வருஷ சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு விழுந்தது. பதறிப்போய், கடையில் வாங்கிய மருந்தை அளவுக்கு மேலேயே அடித்தேன். மறுநாள் வரப்பில் இரண்டு மடையான்கள் செத்துக் கிடந்தன. ஆறாவது படிக்கும் மகள்தான் குழி தோண்டிப் புதைத்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை.

அவளைச் சமாதானப்படுத்த மார்கழியில் பிச்சாவரம் அழைத்துப் போனேன். சிதம்பரத்திலிருந்து 15 கிலோமீட்டர்தான். இருந்தும் எனக்கு அதுதான் முதல் தடவை. காலையிலேயே துடுப்புப் படகில் ஏறினோம். சுரபுன்னை வேர்களுக்கு நடுவே கால்வாய். வேர்மேல் நீர்க்காகம், கிளையில் மீன்கொத்தி, சேற்றில் உள்ளான். 2004 சுனாமியில் அலையின் வேகத்தைத் தணித்து, பின்னால் இருந்த ஊர்களைக் காத்த காடு இது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

கொக்குக் கூட்டம் ஒன்று மேற்கே பறந்தது. "எங்கே போகுதுங்க?" என்று மகள் கேட்டாள்.

"வயக்காட்டுக்குத்தான் பாப்பா. புழு பூச்சி தின்னுட்டுச் சாயங்காலம் இங்கதான் வந்து அடையும்" என்றார் படகோட்டி.

"நம்ம வயலுக்காப்பா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

இந்த சம்பாவில் பறவை தாங்கிக் குச்சிகள் நட்டு, வேப்பங்கொட்டைக் கரைசல் மட்டும் தெளித்தேன். கரிச்சான்கள் உட்கார்ந்து புழு பொறுக்குகின்றன. புழு முழுக்கப் போகவில்லை. ஆனால் மருந்துக்கடைக்குப் போகும் அளவுக்கும் இல்லை. கதிர் பால் பிடிக்கும் முன் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் நெல் தின்னும் குருவிகள் உட்காரும்.

நேற்று வரப்பில் ஒரு மடையான் நின்றது. மகள்தான் முதலில் பார்த்துக் கூப்பிட்டாள்.